சீர்திருத்தம்: கொடுக்கப்பட்டதா, பெறப்பட்டதா?



கோலாலம்பூரிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகக் கிள்ளானுக்குப் போகும் எவரும் ஷா ஆலமைக் கடந்துதான் போக வேண்டும். நீலக் குவிமாடம் கொண்ட பள்ளிவாசலும், வரிசை வரிசையாகத் தொழிற்சாலைகளும், அடுக்குமாடி வீடுகளும் கண்ணில் படும். 1960-களின் தொடக்கம் வரை இந்த இடம் சுங்கை ரெங்கம் தோட்டம். பால்மரமும் செம்பனையும் நின்ற மண். 1963-இல் இங்கே புதிய நகரம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. 1978 டிசம்பர் 7-இல் அது சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகரானது. 2000 அக்டோபர் 10-இல் மாநகர் என்ற தகுதியையும் பெற்றது. நாட்டின் முதல் சொந்தக் காரான புரோட்டோன் சாகா 1985-இல் ஷா ஆலம் தொழிற்சாலையிலிருந்துதான் வெளிவந்தது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. இந்த வட்டாரத்தில் பால்மரம் பெருகியதே கார்களுக்காகத்தான். 1908-இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு ‘மாடல் டி’ காரை விற்பனைக்கு விட்ட பிறகு டயருக்கான ரப்பர் தேவை மளமளவென்று ஏறியது. அந்தத் தேவைக்காகக் கிள்ளான் பள்ளத்தாக்கில் காடு அழிந்து தோட்டம் எழுந்தது. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம், வட ஆற்காடு பக்கங்களிலிருந்து தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். அமெரிக்கக் காரின் டயருக்காக மரம் நட்ட மண்ணில், முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு மலேசியக் கார் தயாரானது.

ஆகவே அமெரிக்கத் தொழில்மயத்தின் வரலாறும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களின் வரலாறும் ஒரே கயிற்றின் இரண்டு நுனிகள் எனலாம். இரண்டையும் எழுதிய வரலாற்றாசிரியர்கள் எதிர்கொண்ட கேள்வியும் ஒன்றே. பாட்டாளியின் வாழ்வில் வந்த சீர்திருத்தங்களை யார் கொண்டு வந்தார்கள்? மேலே இருந்தவர்கள் மனமிரங்கிக் கொடுத்தார்களா? கீழே இருந்தவர்கள் போராடிப் பெற்றார்களா? அல்லது முதலாளிகளே தங்கள் வசதிக்காகச் செய்துகொண்டார்களா?

அமெரிக்காவில் நடந்த வாதம்

1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு அமெரிக்காவில் இரயில், எஃகு, எண்ணெய்த் தொழில்கள் அசுர வேகத்தில் வளர்ந்தன. ராக்ஃபெல்லர், கார்னெகி போன்ற பெருஞ்செல்வர்கள் தோன்றினார்கள். 1934-இல், பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய நேரத்தில், மேத்யூ ஜோசப்சன் என்பவர் இவர்களைக் கொள்ளைக்காரப் பிரபுக்கள் என்று வருணித்து நூல் எழுதினார். ஆறே ஆண்டுகளில், 1940-இல், ஆலன் நெவின்ஸ் ராக்ஃபெல்லரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். சிதறிக் கிடந்த தொழிலை ஒழுங்குபடுத்திய நிர்வாக மேதையாக அதே மனிதர் அந்த நூலில் காட்சியளித்தார். மனிதர் ஒருவர்தான், பார்த்த கண் வேறு.

சீர்திருத்தங்களைப் பற்றிய வாதம் இன்னும் சுவையானது. 1906-இல் அப்டன் சின்க்ளேர் எழுதிய ‘தி ஜங்கிள்’ நாவல் சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளின் அருவருப்பை அம்பலப்படுத்தியது. அதே ஆண்டில் இறைச்சிச் சோதனைச் சட்டம் நிறைவேறியது. மக்களின் கோபம் முதலாளிகளைப் பணிய வைத்தது என்றே பள்ளிப் பிள்ளைகள் படித்தார்கள். 1963-இல் கேப்ரியல் கோல்கோ அதைத் திருப்பிப் போட்டார். அரசாங்க முத்திரை இருந்தால்தான் ஐரோப்பாவில் இறைச்சி விற்கும். சோதனைச் செலவைத் தாங்க முடியாத சிறு போட்டியாளர்கள் ஒழிவார்கள். ஆகவே பெரிய நிறுவனங்களே ஒழுங்குமுறையை விரும்பின என்பது அவருடைய வாதம்.

அவருக்கு முன்பே, 1955-இல், ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் வேறொரு விளக்கம் தந்திருந்தார். புதுப் பணக்காரர்களால் தங்கள் மதிப்பு குறைந்துவிட்டதாகக் கலங்கிய நடுத்தர வகுப்பினரின் மனப்புழுக்கமே சீர்திருத்தத்திற்குத் தூண்டுகோல் என்றார் அவர். 1967-இல் ராபர்ட் வீபி, மருத்துவர், பொறியாளர், நிர்வாகி முதலிய புதிய படிப்பாளிகளின் ஒழுங்குத் தேட்டம்தான் காரணம் என்றார். 1970-களில் ஹெர்பர்ட் கட்மன் போன்றவர்கள், தொழிலாளி என்ன நினைத்தான், எந்த வழக்கங்களைக் காப்பாற்றப் போராடினான் என்று கீழிருந்து பார்க்கத் தொடங்கினார்கள்.

முதலாளி, நடுத்தர வகுப்பு, நிபுணர், தொழிலாளி என நான்கு கோணங்கள் கிடைத்துவிட்டன. இந்த நான்கையும் எடுத்துக்கொண்டு கிள்ளானுக்கு வந்தால் என்ன தெரிகிறது?

1907-இன் நிதி

அமெரிக்காவில் இறைச்சிச் சட்டம் வந்த மறு ஆண்டில், 1907-இல், மலாயாவில் தமிழர் குடிநுழைவு நிதி தொடங்கப்பட்டது. தமிழ்த் தொழிலாளர்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், ஆள் பிடிக்கக் கங்காணியை அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும், இந்த நிதிக்கு வரி செலுத்த வேண்டும். நிதியிலிருந்து கப்பல் கட்டணம் கட்டப்பட்டது. வழிச்செலவுக் கடன் கழுத்தில் தொங்காமல் தொழிலாளி கரையிறங்கினான். 1910-இல் சஞ்சிக்கூலி எனப்பட்ட ஒப்பந்த முறையும் ஒழிக்கப்பட்டது.

காலனி நிர்வாகத்தின் அறிக்கைகளில் இது பெரும் கருணைச் செயல். 1961-இல் ஆர்.என். ஜாக்சன் எழுதிய நூல், குடியேறிய தொழிலாளரைப் பாதுகாக்க அரசு படிப்படியாகச் செய்த ஏற்பாடுகளின் கதையாகவே இதையெல்லாம் சொல்கிறது. ஆனால் அதற்கு ஓராண்டு முன்னதாக, 1960-இல், அமெரிக்க ஆய்வாளர் ஜே. நார்மன் பார்மர், 1910 முதல் 1941 வரையிலான ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் கொள்கையை ஆராய்ந்து எழுதியிருந்தார். அந்தக் கொள்கையில் தோட்டத் துரைமார் சங்கங்களின் செல்வாக்கு எவ்வளவு ஆழமாக ஊடுருவியிருந்தது என்பதை அந்நூலில் காணலாம்.

நிதியின் நடைமுறையைப் பார்த்தாலே உண்மை ஓரளவு விளங்கும். அதற்கு முன் ஒரு தோட்டம் செலவு செய்து ஆள் கொண்டு வரும். பக்கத்துத் தோட்டம் கூடுதல் காசு காட்டி இழுத்துக்கொள்ளும். நிதி வந்த பிறகு செலவு எல்லார் தலையிலும் பங்கிடப்பட்டது. ஆள் இழுக்கும் போட்டியின் கடுமை தணிந்தது. ஆட்கள் தாராளமாக வந்ததால் கூலியும் ஏறாமல் நின்றது. அமெரிக்க இறைச்சிக் கம்பெனிகளைப் பற்றிக் கோல்கோ சொன்னது இங்கும் பொருந்துகிறது அல்லவா?

பொருந்துகிறது, ஆனால் முழுவதும் அல்ல. கடனில்லாமல் இறங்கிய தொழிலாளிக்கு ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகும் உரிமை சட்டப்படி இருந்தது. ஒப்பந்தக் கூலியாக வந்த அவனுடைய தகப்பனுக்கு அது இல்லை. முதலாளியின் வசதிக்காகத் திறக்கப்பட்ட கதவு வழியாகத் தொழிலாளியும் வெளியேற முடிந்தது. ஒரு சீர்திருத்தத்தின் நோக்கம் வேறு, விளைவு வேறு என்பதை வரலாறு படிப்போர் மறக்கக் கூடாது.

கொசுவும் கணக்கும்

நிபுணர்களின் பங்குக்குக் கிள்ளானைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. 1901-இல் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளான் மாவட்டத்திற்கு வந்தபோது மலேரியா ஊரையே தின்றுகொண்டிருந்தது. அதே ஆண்டில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், காய்ச்சலால் முடங்கும் நிலைக்கு வந்தது. மலேரியாவைப் பரப்புவது கொசு என்று இந்தியாவில் ரொனால்டு ராஸ் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்தார். புதரை வெட்டச் செய்தார். நகரிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் விரைவாகக் குறைந்தது. பின்னர் தோட்டங்களிலும் அந்த வேலை நடந்தது.

தொழிலாளி செத்தால் நிறுவனத்துக்கு நட்டம். ஆகவேதான் பணம் கொடுத்தார்கள் என்று ஒருவர் சொல்லலாம். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வடிகால் வெட்டப்பட்ட தோட்டத்தில் பிழைத்த குழந்தைக்கு அந்த வாதம் தேவையில்லை. சீர்திருத்தம் செய்தவரின் மனத்தைத் தோண்டுவதோடு வரலாறு நின்றுவிட்டால், பிழைத்த உயிர்கள் கணக்கில் வராமல் போய்விடும்.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தையும் இப்படித்தான் எடைபோட வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது அச்சட்டம். தோட்டத்தில் கிடைத்தது பெரும்பாலும் ஒற்றை அறை, ஒற்றை ஆசிரியர். காலையில் மரம் வெட்டும் தொழிலாளியின் பிள்ளையை நாளைய தொழிலாளியாக வைத்திருக்க அது போதும் என்றே பல நிர்வாகங்கள் நினைத்தன. இருந்தும் அந்த ஒற்றை அறையிலிருந்துதான் இந்நாட்டுத் தமிழ் எழுத்தும் வாசகர் கூட்டமும் வளர்ந்தன.

சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்

மேலிருந்து வந்த சீர்திருத்தம் எங்கே நின்றுபோனது என்பதை 1941 காட்டியது. அப்போது ஐரோப்பாவில் போர். ரப்பருக்கு நல்ல விலை. கிள்ளான் தோட்டங்களில் ஆணின் நாட்கூலியோ 50 காசு அளவில் இருந்தது. பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. அதே வேலைக்குச் சீனத் தொழிலாளர்கள் கூடுதலாகப் பெற்றார்கள். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் உள்ளிட்டோர் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் மூலம் தொழிலாளர்களை ஒன்றுதிரட்டினார்கள்.

அவர்களுடைய கோரிக்கைகளைப் படித்தால் இன்றும் மனம் கனக்கிறது. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி வேண்டும். பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும். கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும். கொடுமை செய்யும் கிராணிகளை நீக்க வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வியும், நோயாளிகளுக்கு மருத்துவ வசதியும் வேண்டும். உறவினர்கள் தடையின்றித் தோட்டத்திற்குள் வந்து போக வேண்டும். இவற்றோடு இன்னொன்று: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும்.

கூலிக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்? அங்கேதான் வரலாற்றாசிரியர்களின் கருத்து பிரிகிறது. நாதன் போன்ற வெளியாட்கள் அப்பாவிக் கூலிகளைத் தூண்டிவிட்டார்கள் என்றது அன்றைய நிர்வாகத் தரப்பு. நியூசிலாந்து வரலாற்றாசிரியர் மைக்கல் ஸ்டென்சனின் நூல் 1980-இல் வெளிவந்தது. வர்க்கம், இனம், காலனி ஆட்சி மூன்றும் பின்னிய சிக்கலாக அவர் இந்தியர் வரலாற்றைக் கண்டார். 1994-இல் பேராசிரியர் பி. இராமசாமி தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய நூல், அவர்களைப் பிறர் ஆட்டுவித்த பொம்மைகளாகப் பார்க்காமல், எதிர்ப்பை வெளிப்படுத்திய மனிதர்களாகப் பார்த்தது. காந்தி குல்லா அணிந்து, சைக்கிளில் இருந்து இறங்க மறுத்த தொழிலாளி கேட்டது காசை மட்டும் அல்ல.

முடிவு கசப்பானது. 1941 மே 5-இல் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். வேலை நிறுத்தம் அதன் பிறகுதான் தீயாய்ப் பரவியது. மே 16-இல் சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். ஏழு மாதம் கழிவதற்குள் ஜப்பானியர் படை நாட்டில் இறங்கியது. துரைமார்கள் ஓடினார்கள், ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

சங்கமும் துண்டாடலும்

போருக்குப் பிறகு தொழிற்சங்கங்கள் வேகமாக எழுந்தன. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் தீவிரச் சங்கங்கள் நசுக்கப்பட்டன. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4-இல் தூக்கிலிடப்பட்டார். 1954-இல் பல சங்கங்கள் இணைந்து, பி.பி. நாராயணன் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது.

இதைப் பற்றியும் இரண்டு பார்வைகள் உண்டு. பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்து சட்ட வழியில் கூலியையும் சலுகையையும் பெற்றுத் தந்த பொறுப்பான இயக்கம் என்பது ஒன்று. தீவிரவாதிகள் அகற்றப்பட்ட வெற்றிடத்தில், அரசும் முதலாளிகளும் சகித்துக்கொள்ளக்கூடிய சங்கம் மட்டுமே வளர விடப்பட்டது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் 1935-இன் வேக்னர் சட்டம் தொழிற்சங்க உரிமை தந்தபோதும், 1938-இன் சட்டம் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்தபோதும், விவசாயத் தொழிலாளர்கள் விலக்கப்பட்டார்கள். தோட்டத்தில் வேலை செய்பவன் எந்த நாட்டிலும் வரிசையின் கடைசியில்தான் நிற்கிறான் போலும்.

1950-களில் தோட்டத் துண்டாடல் வந்தது. வெள்ளைக்கார நிறுவனங்கள் விற்ற தோட்டங்கள் கூறுபோடப்பட்டன; குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை உங்கு அசிஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகம் ஆராய்ந்தது. துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. இந்தச் சீர்திருத்தம் முதலாளி கொடுத்ததும் அல்ல, அரசு கொடுத்ததும் அல்ல. உழைத்தவர்களின் சொந்தக் காசு.

தோட்டம் போய்த் தாமான் வந்தது

1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. அதே ஆண்டில் சுதந்திர வர்த்தக மண்டலச் சட்டமும் வந்தது. அடுத்த ஆண்டில் சுங்கை வேயில் மின்னணுத் தொழிற்சாலைகள் தோன்றத் தொடங்கின. கிராமத்து மலாய்ப் பெண்களும் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும் சீருடை அணிந்து தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள். சிலாங்கூரின் கோலலங்காட் பகுதியில் ஆய்வு செய்த அய்வா ஓங், 1987-இல் வெளியிட்ட நூலில், தொழிற்சாலையில் மலாய்ப் பெண்களுக்குப் பேய் பிடித்த சம்பவங்களை அந்தப் புதிய கண்டிப்புக்கு எதிரான குரலாக விளக்கினார். இயந்திரமும் நேரக் கட்டுப்பாடும் கிராமத்து மனத்தை என்ன செய்யும் என்ற அந்தக் கேள்வி, கட்மன் அமெரிக்காவில் கேட்ட கேள்வியின் தங்கைதான்.

1981 செப்டம்பர் 7-இல் லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்திற்குள் கத்ரி நிறுவனம் மலேசியர் கைக்கு வந்தது. தேசியப் பெருமைக்குரிய நாள் அது. பின்வந்த ஆண்டுகளில் தோட்ட நிலம் நகர நிலமானது. ஷா ஆலம் வட்டாரத்தின் புக்கிட் ஜெலுத்தோங், எல்மினா, கிளன்மேரி ஆகிய பெயர்கள் இன்று வீடமைப்புத் திட்டங்களின் பெயர்கள். முன்பு அவை தோட்டப் பெயர்கள். செக்‌ஷன் 7-இல் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி நிற்கிறது. தோட்டம் இல்லை; பெயர்ப்பலகையில் ‘லாடாங்’ என்ற சொல் மட்டும் இருக்கிறது.

வேலை போனால் வீடும் போகும் என்பதே லயத்து வாழ்க்கையின் விதி. மூன்று தலைமுறை உழைத்த குடும்பத்திற்கும் அந்த வீட்டின் மீது பட்டா கிடையாது. நிலத்தின் விலை நூறு மடங்கு ஏறியபோது, அந்த ஏற்றத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி எழுந்தது. ஆண்ட்ரூ வில்ஃபோர்டு 2014-இல் வெளியிட்ட நூல் இப்படி வெளியேற்றப்பட்ட கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களின் நீதித் தேடலைப் பற்றியதே. சட்டப்படி நட்டஈடு கிடைத்த பின்னும் அவர்கள் ஏன் ஆறவில்லை? கோயிலும், பள்ளியும், இடுகாடும், தாங்கள் அங்கே வாழ்ந்ததற்கான அடையாளமும் சேர்ந்தே போனதால்தான்.

எது பணயம்?

நேயர்களே, இது வெறும் புத்தகச் சண்டை அல்ல. சலுகைகள் கொடுக்கப்பட்டவை என்று வரலாறு எழுதப்பட்டால், பெற்றவர்களின் பேரப்பிள்ளைகள் என்றைக்கும் நன்றிக்கடன் பட்டவர்களாகவே நிற்க வேண்டும். எல்லாம் சூழ்ச்சியே என்று எழுதப்பட்டால், அவர்கள் என்றைக்கும் ஏமாந்தவர்களாகவே நிற்பார்கள். இரண்டுமே முழு உண்மை அல்ல. நாட்டில் முதன்முறையாகக் குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் நடப்புக்கு வந்தது. அதற்குப் பின்னால் நீண்ட காலக் கோரிக்கையும் இருந்தது. அரசாங்கத்தின் பொருளாதாரக் கணக்கும் இருந்தது.

அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் தங்கள் வாதத்தை மாற்றி மாற்றி எழுத முடிந்தது, ஆவணங்கள் இருந்ததால். 1911-இல் நியூயார்க் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலைத் தீயில் மாண்ட 146 பேரின் பெயர்களும் இன்று தெரியும். கிள்ளானில் மாண்ட ஐவரின் பெயர்களை எத்தனை பேர் அறிவார்கள்? துரைமார் சங்கத்தின் கடிதங்கள் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. பால்மரம் வெட்டிய அம்மாவின் நினைவோ செக்‌ஷன் வீட்டின் மூன்றாவது மாடியில், கேட்பாரின்றி இருக்கிறது.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பழைய சம்பளச் சீட்டு இருக்கக்கூடும். ஒரு சங்க அட்டை, நிலநிதிச் சங்கத்தின் பங்குப் பத்திரம், சிவப்பு அடையாளக் கார்டு இருக்கக்கூடும். பழைய பேப்பர்காரனிடம் போடும் முன் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பாட்டியை உட்கார வைத்து, பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போனார், ஆயாக்கொட்டகையில் பிள்ளையை யாரிடம் விட்டார், எந்த ஆண்டில் கூலி கூடியது, அதற்கு யார் என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்ற கேள்விக்கு அடுத்த தலைமுறை ஆய்வாளர் விடை தேடும்போது, அந்தத் தாளும் மேசையில் இருக்க வேண்டும்.